பாட்டு தேற்றியதா, நாள் தேற்றியதா?

"மனச்சோர்விலிருந்து மீண்டு வருபவர்களுக்காக எங்கள் ஊரில் வாராவாரம் சேர்ந்து பாடும் வகுப்பு நடத்துகிறோம். சேரும்போதும் முடியும்போதும் மதிப்பெண் எடுத்தோம். பெரும்பாலானவர்கள் தேறியிருக்கிறார்கள். நிதி தருபவர்களோ இது ஆதாரமே இல்லை என்கிறார்கள். ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அவர் கோபம் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் நான் நிதி தருபவர் கட்சி.

ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அளக்க எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1987இல் வந்தது. பத்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. முதல் கேள்வியே சிரிப்பைப் பற்றியது: வேடிக்கையைப் பார்த்து உங்களால் சிரிக்க முடிந்ததா? 'எப்போதும்போல' என்றால் 0, 'முடியவே இல்லை' என்றால் 3. அதாவது மதிப்பெண் ஏற ஏறச் சோர்வு அதிகம். கேட்பது கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும். அந்த ஏழு நாளில் குழந்தை ராத்திரி முழுக்க அழுதிருக்கலாம், மாமியாரோடு மனத்தாங்கல் வந்திருக்கலாம்.

ஒரு தாயின் மதிப்பெண் வாரத்துக்கு வாரம் 7க்கும் 13க்கும் இடையே ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். வகுப்பில் சேர 10 வேண்டும். 8 எடுத்த வாரம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். 13 எடுத்த வாரம் வந்தால் சேர்த்துக்கொள்வோம். அதாவது கதவு திறப்பதே அவருடைய மோசமான வாரத்தில்தான். பிறகு எப்போது அளந்தாலும் மதிப்பெண் இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். பாடினாலும் சரி, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி.

இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். 1886இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டபோது பிடித்த விஷயம். தாயத்து கட்டிக் குணமானேன் என்பவர் பொய் சொல்லவில்லை. தாங்கவே முடியாத வாரத்தில்தானே தாயத்து தேடிப் போகிறோம்! அடுத்த வாரம் தானாக இறங்கியதன் பெருமை தாயத்துக்குப் போய்விடுகிறது. தாயத்துக்கு நாம் கொடுக்காத சலுகையைப் பாட்டுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது?

பிரிட்டனில் டெய்சி ஃபான்கோர்ட்டும் ரோஸி பெர்கின்ஸும் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது இதனால்தான். மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 134 தாய்மாரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு கைக்குழந்தைகளோடு சேர்ந்து பாடியது. இன்னொன்று குழந்தைகளோடு சேர்ந்து விளையாடியது. மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும். விளையாட்டுக் குழு எதற்கு? வீட்டை விட்டு வெளியே வந்து நாலு பேரைப் பார்ப்பதே மருந்தாக இருக்கலாம் அல்லவா? அதைப் பாட்டிலிருந்து பிரித்துப் பார்க்கத்தான்.

பத்து வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவுமே தேறியிருந்தன! பாட்டுக் குழுவை மட்டும் அளந்திருந்தால் அத்தனையும் பாட்டின் கணக்கில் ஏறியிருக்கும். வித்தியாசம் வேகத்தில் இருந்தது. மிதமான, கடுமையான சோர்வு இருந்தவர்களில், பாடியவர்கள் மட்டுமே வழக்கமான கவனிப்புக் குழுவைவிடத் தெளிவாக வேகமாகத் தேறினார்கள். ஆறாவது வாரத்திலேயே அவர்கள் மதிப்பெண் சராசரியாக 35 சதவீதம் இறங்கியிருந்தது. கடைசியில் எல்லோரும்தான் தேறினார்களே என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. கைக்குழந்தைக்காரிக்கு நாலு வாரம் முன்னதாக வெளிச்சம் வருவது சின்ன விஷயமா?

சரி, வாசகர் என்ன செய்யலாம்? இருபது இடத்துக்கு நாற்பது பேர் வந்தால் உத்திரமேரூர்க்காரர்கள் போலக் குடவோலை போடுங்கள். பெயர் வந்தவர்கள் இப்போது பாடட்டும், மற்றவர்கள் அடுத்த சுற்றில். இரு தரப்புக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாள். காத்திருக்கும்போது யாருக்காவது நிலைமை மோசமானால் ஆய்வாவது மண்ணாவது, உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆதாரம் கேட்கும் நிதிக்காரர்கள் பெரும்பாலும் ஒரு சுற்றுக்குத்தான் பணம் தருவார்கள். ஆதாரத்துக்கு ஆகும் செலவைத் தரமாட்டார்கள். இந்தமுறை விண்ணப்பத்தில் இரண்டு சுற்றுக்கும் கேளுங்கள். காத்திருப்பவர் வீட்டுக்குக் கேள்வித்தாளைக் கொண்டுபோகிறவரின் பஸ் செலவையும் தனி வரியாகப் போட்டுவிடுங்கள்.