ஒடுக்கு எடுப்பதன் அறிவியல்

மேற்கு வங்கத்தின் உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-இல் உற்பத்தி நின்ற பிறகும், அம்பாசடர் கார்களைத் தேடி வாங்கித் தம் விருப்பப்படி மாற்றியமைப்போர் இருக்கிறார்கள். கையிருப்பு குறைவாக உள்ளவர்கள் ஒடுக்கு எடுக்கும் டிங்கரிங் வேலையைத் தாமே கற்க விரும்பினால், போல்ட்டைக் கழற்றித் தரையில் வைத்துத் தட்டக்கூடிய முன்பக்க மட்கார்டில் தொடங்குவது நல்லது. அம்பாசடருக்குத் தனிச் சேஸி கிடையாது. பாரத்தைப் பாடியே தாங்குவதால், துருப்பிடித்த தளத்தையும் கதவுக்குக் கீழுள்ள சட்டத்தையும் தேர்ந்த வெல்டரிடம் விட்டுவிட வேண்டும்.

எஃகுத் தகட்டை விரலால் அழுத்தினால் உள்வாங்கி, விட்டதும் மீள்கிறது. ஆனால் இந்த மீள்தன்மையின் எல்லை மிகக் குறுகியது. மென்னெஃகு தன் நீளத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும்வரைதான் பழைய நிலைக்குத் திரும்பும். அதைத் தாண்டினால், இரும்புப் படிகங்களில் அணு அடுக்குகள் நழுவிப் புதிய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. நழுவல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் அப்பகுதி முன்னைவிடக் கடினமாகிறது. ஒடுக்கில் இவ்வாறு கடினப்படுவது பெரும்பாலும் விளிம்பில் எழும் மேடும் கூரிய மடிப்பும்தான். நடுப்பள்ளத்தின் பெரும்பகுதி மீள்தன்மையை இழக்காமல், அந்த மேடு பிடித்து வைத்திருப்பதால் மட்டுமே உள்ளே தங்கியிருக்கிறது.

ஆகவே பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடிக்கக் கூடாது. டாலி எனப்படும் கைக்கடக்கமான இரும்புக் கட்டியைப் பள்ளத்தின் அடியில் அழுத்திப் பிடித்து, வெளியே மேட்டின்மேல் சுத்தியலால் மெல்லத் தட்டினால், மேடு இறங்க இறங்கப் பள்ளம் தானே எழும். சுத்தியலும் டாலியும் நேருக்கு நேர் மோதும்போது ஓசை கணீரென்று மாறும். அப்போது இடையில் சிக்கிய தகடு நசுங்கி மெலிந்து, பரப்பில் விரிகிறது. கடைசியாகச் சமப்படுத்த அது தேவைதான். அளவு மீறினாலோ, விரிந்த தகட்டுக்கு இடம் போதாமல், எண்ணெய் டின்னின் அடிப்பக்கம்போல் அழுத்தும்போதெல்லாம் உள்ளும் வெளியும் துள்ளும்.

அதைச் சுருக்கும் முறைதான் இத்தொழிலில் என்னை மிகவும் வியக்க வைப்பது: சூட்டில் விரியும் இரும்பைச் சூட்டாலேயே சுருக்குகிறார்கள். தளர்ந்த பகுதியின் நடுவில் நாணய அளவுள்ள இடத்தை மட்டும் கேஸ் சுடரால் செந்நிறமாக்கும்போது, அது விரிய முயல்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடோ பக்கவாட்டில் இடம் கொடுப்பதில்லை. செஞ்சூட்டில் இளகிய இரும்பு வேறு வழியின்றித் தடிமனில் வளர்கிறது. ஆறும்போது எல்லாத் திசைகளிலும் சுருங்குவதால், அதன் பரப்பு முன்னைவிடக் குறைந்து, சுற்றுத் தகடு இழுபட்டு விறைப்பாகிறது.

எஞ்சிய சிறு குறைகளுக்கே பட்டி. பாலியெஸ்டர் பிசினும் டால்க் பொடியும் கலந்த இது காற்றில் உலர்வதில்லை. நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்கு சேர்க்கும் ஹார்ட்னரிலுள்ள பெராக்சைடு, பிசின் மூலக்கூறுகளைப் பிணைக்கும் வினையைத் தொடங்கி வைக்கிறது. அவ்வினை வெப்பத்தை வெளியிடுவதால், பலகையில் குவித்து வைத்த பட்டி, தகட்டில் மெல்லப் பூசியதைவிட விரைவாக இறுகிவிடும். தட்டுவதற்குச் சோம்பி 3 மி.மீ.க்கு மேல் பட்டி அப்புவதை என்னால் ஏற்க முடியாது. வெயிலில் தகடும் பட்டியும் ஒரே அளவில் விரிவதில்லை. அதிர்வும் சேரும்போது தடித்த பூச்சு வெடித்துவிடும். பட்டி நுண்துளைகள் கொண்டது என்பதால் அதை உலர்ந்த உப்புத்தாளால் மட்டுமே தேய்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் நீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரை எடுக்க வேண்டும். உள்ளே இறங்கிய நீர் தகட்டைத் தொட்டால் பெயின்டுக்கு அடியில் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், மேலே பெயின்ட் கொப்புளமாக எழும்.