லொக்கேட்டர்ல பேரு வரலைன்னா புள்ள காணாமப் போயிட்டான்னு அர்த்தமில்ல

போன வாரம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு போன். டெக்சாஸ்ல குடியேற்ற கேஸ் பாக்கற வக்கீல்ங்கறதால இந்த நேரத்து போன் எனக்குப் புதுசில்ல, ஆனாலும் அந்தக் குரலக் கேட்டதும் எழுந்து உக்காந்துட்டேன். "மேடம், எங்க அண்ணன் பையன், பதினாறு வயசு, என் தம்பியோட மெக்சிகோ பார்டர் வழியா வந்தான், ரெண்டு பேரையும் புடிச்சுட்டாங்க, தம்பி எங்க இருக்கான்னு தெரிஞ்சுடுச்சு, பையன் பேரு மட்டும் எப்படிப் போட்டாலும் வரமாட்டேங்குது, பத்து நாளா தேடறோம், திருப்பி அனுப்பிட்டாங்களான்னு கூட தெரியல, ஊர்ல அண்ணி சோறு தண்ணி இல்லாம கெடக்காங்க."

பத்து நாள்! அந்தப் பத்து நாளும் குடும்பமே சேர்ந்து ஒரே வெப்சைட்டத் திரும்பத் திரும்பத் தட்டிக்கிட்டு இருந்திருக்கு, அந்தப் பையன் பேரு வர வாய்ப்பே இல்லாத வெப்சைட்ட. இந்த வருஷம் இதே கதையோட எங்கிட்ட வர்ற நாலாவது குடும்பம் இது. அதான் இன்னைக்கு மத்த வேலைய ஒதுக்கி வெச்சுட்டு எழுதறேன்.

ஐஸ்னு சொல்ற குடியேற்ற அமலாக்கத் துறை ஆன்லைன்ல ஒரு டீட்டெய்னி லொக்கேட்டர் வெச்சிருக்கு, புடிச்சு வெச்சிருக்கறவங்கள பேரு போட்டுத் தேடற வெப்சைட். அதுல 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க பேரு வராது. ஸ்பெல்லிங் சரியா போட்டாலும் வராது, ஏ-நம்பர் (குடியேற்றத் துறை ஒவ்வொருத்தருக்கும் குடுக்கற ஃபைல் நம்பர்) போட்டாலும் வராது, நூறு தடவை போட்டாலும் வராது. சின்னப் புள்ளைங்கள அதுல தேட முடியாதபடிதான் அத அமைச்சே இருக்காங்க. அதனால ரெக்கார்ட் இல்லன்னு வந்தா நாடு கடத்திட்டாங்கன்னு முடிவு பண்ணாதீங்க, வழியில ஏதோ ஆயிடுச்சுன்னு ஊர்ல இருக்கற பெத்தவங்களுக்கு போன் போட்டு அழாதீங்க. அது பெரியவங்களத் தேடற இடம், அவ்வளவுதான்.

பெத்தவங்க இல்லாம புடிபடற புள்ளைங்கள ஐஸ் வெச்சிருக்கக் கூடாது. 2002-ல வந்த சட்டம் அந்தப் பொறுப்ப சுகாதாரத் துறைக்குக் கீழ இருக்கற அகதிகள் மறுவாழ்வு அலுவலகத்துக்கு மாத்திடுச்சு, எல்லாரும் ஓ.ஆர்.ஆர்.னு சொல்வாங்க. 2008 சட்டப்படி, துணையில்லாத புள்ளைன்னு முடிவான 72 மணி நேரத்துக்குள்ள பார்டர் ஆபீஸர்ங்க புள்ளைய அங்க ஒப்படைச்சாகணும், ரொம்ப விதிவிலக்கான நிலைமை தவிர. அப்புறம் புள்ள ஓ.ஆர்.ஆர். ஷெல்டர்ல இருக்கும், அங்க புள்ளையோட விஷயத்தப் பாத்துக்க ஒரு கேஸ் மேனேஜர் இருப்பாங்க.

அதனால நீங்க கூப்பிட வேண்டியது ஓ.ஆர்.ஆர். நேஷனல் கால் சென்டர், 1-800-203-7001. காசு கிடையாது. கூப்பிட்டதும் "ஆமா, இங்கதான் இருக்கான்"னு சொல்லமாட்டாங்க, அதுக்காக அவங்ககிட்ட சண்டை போடாதீங்க. யாரு வேணா போன் பண்ணி ஒரு புள்ள எங்க இருக்குன்னு கேட்டுட முடியும்னா அந்தப் புள்ளைக்கே ஆபத்து இல்லையா? உங்க விவரத்த வாங்கிக்குவாங்க, புள்ள அவங்ககிட்ட இருந்தா கேஸ் மேனேஜர் உங்களக் கூப்பிடுவாங்க. அந்த போன் தெரியாத நம்பர்ல இருந்து வரும், ஊர்ல இருக்கற அம்மாவுக்குன்னா வெளிநாட்டு நம்பரா வரும், ஏதோ விளம்பர கால்னு கட் பண்ணிட்டு மறுபடி எனக்கு போன் போட்டு "ஒருத்தருமே கூப்பிடலை"ன்னு சொல்ற குடும்பங்கள நான் பாத்திருக்கேன்.

கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்க. நம்ம பேருதான் பெரிய சிக்கல். நமக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு இல்ல, அப்பா பேரு பின்னாடி ஒட்டிக்கும், சிலோன் பாஸ்போர்ட்ல பல பேருக்கு அப்பா பேரு முன்னாடி வரும், சில இந்தியன் பாஸ்போர்ட்ல ஒரே ஒரு பேருதான் இருக்கும், அத இங்க இருக்கற சிஸ்டம் கடைசிப் பேரா எடுத்துக்கிட்டு முதல் பேரு இடத்துல எஃப்.என்.யூ.ன்னு போட்டுடும், அதாவது முதல் பேரு தெரியலன்னு. புள்ளையோட பேரு, அப்பா பேரு ரெண்டையும் மாத்தி மாத்தி சொல்லித் தேடச் சொல்லுங்க. பிறந்த தேதி சொல்லும்போது மாசத்த எழுத்தாலயே சொல்லுங்க, மார்ச் ஏழுன்னு. 7/3ன்னு சொன்னா அமெரிக்காவுல அது ஜூலை மூணு.

இன்னொண்ணு, பிறந்த நாடு. தமிழ்நாட்டு முகாம்ல பிறந்த இலங்கைத் தமிழ்ப் புள்ளைன்னா பிறந்த நாடு இந்தியா, ஆனா ஃபைல்ல இலங்கைன்னு ஏறியிருக்கலாம். ரெண்டையும் சொல்லுங்க. ஏ-நம்பர் கையில இருந்தா ரொம்ப நல்லது, ஏ எழுத்துக்கு அப்புறம் எட்டு இல்ல ஒம்பது இலக்கம், பார்டர்ல குடுத்த பேப்பர்ல இருக்கும். அது இருந்தா குடியேற்றக் கோர்ட்டோட 1-800-898-7180 நம்பர்ல ஹியரிங் தேதி போட்டிருக்கான்னும் கேட்டுக்கலாம்.

அப்பா அம்மாவோட சேர்ந்தே புடிபட்ட புள்ளைன்னா விஷயம் வேற. அந்தக் குடும்பத்த டெக்சாஸ்ல டில்லிங்கற (Dilley, நம்ம டெல்லி இல்ல) ஊர்ல இருக்கற மாதிரி குடும்பத் தடுப்பு மையத்துல வெச்சிருக்கலாம், அது ஐஸ் கையில. அப்ப லொக்கேட்டர்ல அப்பா அம்மா பேரப் போட்டுத் தேடுங்க, புள்ள அவங்களோடதான் இருக்கும்.

இப்ப எனக்கு வயிறு எரியற விஷயத்துக்கு வர்றேன். "சித்தப்பாவோடதான வந்தான், அப்புறம் எப்படி மேடம் துணையில்லாத புள்ளன்னு எழுதுவாங்க?" இந்தக் கேள்விய நான் எத்தன தடவ கேட்டிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. இந்த நாட்டுச் சட்டத்துல துணைன்னா பெத்தவங்க, இல்லன்னா சட்டப்படியான காப்பாளர், அதத் தவிர யாரும் இல்ல. சித்தப்பா இல்ல, தாய்மாமா இல்ல, தூக்கி வளத்த பாட்டி கூட இல்ல, இருபது வயசு கூடப்பொறந்த அண்ணன் கூட இல்ல. நமக்கு சித்தப்பாங்கற வார்த்தைக்குள்ளயே அப்பா இருக்காரு, சட்டத்துக்கு அவரு அங்கிள். நோட்டரி கையெழுத்து வாங்கிட்டு வந்த கடுதாசியும் காப்பாளர் ஆக்காது, அதுக்கு கோர்ட் உத்தரவு வேணும். "நாங்கதான் லெட்டர் வெச்சிருந்தோமே"ன்னு திரும்பத் திரும்ப சொல்றாங்க, சொல்லும்போது எனக்கு அவங்க மேல கோபம் வரல, அந்த லெட்டர் போதும்னு சொல்லி வழியில காசு வாங்கினவன் மேலதான் வருது. ஆக பார்டர்லயே புள்ளையையும் பெரியவரையும் பிரிச்சுடுவாங்க, பெரியவரு ஐஸ்கிட்ட, புள்ள ஓ.ஆர்.ஆர்.கிட்ட, ரெண்டு ஃபைல், ரெண்டு ஊரு. ஒண்ணக் கண்டுபுடிச்சா இன்னொண்ணு தானா கிடைக்காது.

இதே உறவுமுறைதான் வெளிய எடுக்கும்போதும் காலை வாரும். ஷெல்டர்ல புள்ளைகிட்ட "அமெரிக்காவுல யாரு இருக்கா"ன்னு கேப்பாங்க. நம்ம புள்ள "அண்ணன் இருக்காரு"ன்னு சொல்லும். மொழிபெயர்க்கறவரு பிரதர்னு சொல்லுவாரு. நீங்க அப்ளிகேஷன்ல கசின்னு எழுதுவீங்க, ஏன்னா நீங்க பெரியப்பா பையன். கேஸ் மேனேஜருக்கு இது எப்படித் தெரியும்? பொய் சொல்றாங்க, ஆள் கடத்தலா இருக்குமோன்னு தோணும், அவங்க அப்படி யோசிக்கறதுதான் அவங்க வேலை. ஒரு கேஸ்ல இந்த ஒரே வார்த்தையால பல வாரம் போச்சு. அதனால புள்ளைகிட்ட பேசக் கெடைக்கற முதல் போன்லயே சொல்லிடுங்க, "எங்க அப்பாவோட தம்பி", "எங்க அம்மாவோட அண்ணன்"னு விரிச்சு சொல்லணும்னு. தமிழ்ல மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேக்கவும் சொல்லுங்க, இந்தியாவுல இருந்து வந்த புள்ளைன்னா இந்தின்னு எழுதிடறது நடக்குது.

புள்ளைய ஒப்படைக்க அவங்க தேடற ஆளுக்கு ஸ்பான்ஸர்னு பேரு. முதல்ல பெத்தவங்க, அடுத்தது கூடப்பொறந்தவங்க, தாத்தா பாட்டி, சித்தப்பா, மாமா, அத்த, நேரடி கசின், அதுக்கப்புறம் தூரத்துச் சொந்தமும் குடும்ப நண்பர்களும். சித்தப்பான்னு நிரூபிக்க மூணு பிறப்புச் சான்றிதழ் வேணும்: புள்ளையோடது, புள்ளையோட அப்பாவோடது, உங்களோடது, ரெண்டு அண்ணன் தம்பிக்கும் ஒரே அப்பா அம்மான்னு தெரியற மாதிரி. ஊர்ல பழைய சான்றிதழ் எடுக்க எவ்வளவு நாள் ஆகும்னு உங்களுக்கே தெரியும், புள்ள புடிபட்ட அன்னைக்கே ஆள அனுப்புங்க. 2025-ல கெடுபிடி இன்னும் ஏறிடுச்சு, கைரேகை, வருமானச் சான்று, டி.என்.ஏ. டெஸ்ட்டுன்னு. ஸ்பான்ஸரோட குடியேற்ற நிலைய அமலாக்கத் துறையோட பகிர இருந்த தடையையும் அதே வருஷம் எடுத்துட்டாங்க. உங்களுக்கே பேப்பர் சரியில்லன்னா அப்ளிகேஷன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி வக்கீலப் பாருங்க. பாசத்துல முந்திக்கிட்டு போய் மாட்டிக்கிட்டா புள்ளைக்கு வெளிய இருக்கற ஒரே ஆளும் போயிடுவீங்க.

புள்ளைய விட யாராவது காசு கேட்டா போன வெச்சிடுங்க. ஃபீஸ், டெபாசிட், ஃபிளைட் டிக்கெட், என்ன பேரு சொன்னாலும் சரி. ஷெல்டர் பேரு, புள்ள பேரு எல்லாம் சரியா சொல்லுவான், நம்பாதீங்க. சந்தேகமா இருந்தா கால் சென்டருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க.

வக்கீல் விஷயம். குடியேற்றக் கோர்ட்ல அரசு செலவுல வக்கீல் கிடைக்கறது உரிமை இல்ல, அஞ்சு வயசுப் புள்ளையா இருந்தாலும். 2025 மார்ச்ல சுமார் 26,000 புள்ளைங்களுக்கு வக்கீல் வெச்சிருந்த ஒப்பந்தத்த அரசு நிறுத்தி, அது கோர்ட்டுக்குப் போச்சு. இலவசமா எடுத்து நடத்தற கிண்ட் மாதிரி அமைப்புங்க இருக்கு, கேஸ் மேனேஜர்கிட்ட சட்ட உதவி லிஸ்ட் கேளுங்க. தஞ்சம் கேக்கப் போற புள்ளைன்னா வக்கீல் சொல்லாம தூதரகத்துக்கு போன் பண்ணாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

பதினேழு வயசத் தாண்டின புள்ளைன்னா நாள எண்ணுங்க. பதினெட்டு ஆன அன்னைக்கே ஐஸ் வந்து பெரியவங்க சென்டருக்குக் கூட்டிட்டுப் போக முடியும். கட்டுப்பாடு குறைஞ்ச இடத்துல வைக்க முடியுமான்னு அவங்க யோசிச்சாகணும்னு சட்டம் இருக்கு, ஆனா வக்கீல் முன்கூட்டியே எழுதிக் கேக்கணும். வயசுல சந்தேகம்னு எலும்பு எக்ஸ்ரேய மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னும் சட்டம் சொல்லுது, பிறப்புச் சான்றிதழ உடனே அனுப்புங்க.

புள்ள வீட்டுக்கு வந்த பிறகும் கேஸ் ஓடிக்கிட்டுதான் இருக்கும். விலாசம் மாறினா அஞ்சு நாளுக்குள்ள கோர்ட்டுக்கு இ.ஓ.ஐ.ஆர்-33 ஃபாரம் அனுப்பணும். ஹியரிங்குக்கு போகலன்னா புள்ள இல்லாமலே நாடு கடத்தல் உத்தரவு போட்டுடுவாங்க.

அந்தப் பதினாறு வயசுப் பையன் கிடைச்சுட்டான். கால் சென்டருக்குப் போன் பண்ணி, அப்பா பேரையும் அவன் பேரையும் மாத்தி சொன்ன மறுநாளே கேஸ் மேனேஜர் கூப்பிட்டாங்க. நேத்து அம்மாகிட்ட பேசியிருக்கான், சாப்பிட்டியான்னு அவன்தான் கேட்டிருக்கான். எனக்கு போன் பண்ண சித்தப்பாவோட பிறப்புச் சான்றிதழ் இன்னும் ஊர்ல இருந்து வரல, அதுக்காக காத்துக்கிட்டு இருக்கோம்.