வண்டி சாயும்போது தோள் எங்கே போகிறது: டியூப் கதவின் பாதுகாப்புக் கணக்கு

மூன்று முனை சீட் பெல்ட், முன்னால் பாய்கிற உடலை நன்றாகவே பிடிக்கும். கதவுப் பக்கமாகச் சாய்கிற உடலை அது பிடிக்காது. சிங்கப்பூர் வண்டியில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். பெல்ட்டின் மேல் முனை அவருடைய வலத் தோளுக்குப் பின்னால், பி தூணில் (முன்கதவுக்குப் பின்னால் நிற்கும் தூண்) இருக்கிறது. வண்டி வலப்பக்கம் கவிழ்ந்தால் தோள் அந்த முனையை நோக்கியே நகர்கிறது. இடைவெளி குறையக் குறைய பெல்ட் தளர்கிறது. பெல்ட்டைச் சுற்றிவைக்கும் சுருளுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அந்தத் தளர்வை உள்ளே இழுத்துக்கொள்ளலாம், ஆனால் ஓர் ஆளின் எடையைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. இடுப்புப் பட்டை இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். மேல் உடம்பை உள்ளே நிறுத்துவது கதவுதான்: அதன் தகடு, உள்பலகை, மேலே கண்ணாடி.

ஆஃப்-ரோடு பயணத்தில் இந்தக் கதவைத்தான் கழற்றுகிறார்கள். மலேசியாவின் ஜோகூரில், செம்மண் தடங்களில் சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும், காற்றும் வர வேண்டும். கழற்றிய இடத்தில் மாட்டுவது டியூப் கதவு: வளைத்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், இரண்டு கீல், ஒரு தாழ். இது எவ்வளவு காப்பாற்றும்? தொழிற்சாலைக் கதவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கதவே இல்லாத திறப்போடு ஒப்பிட்டால் கணிசம். ஆனால் அந்தக் கணிசமும் குழாயின் தடிமனைவிடக் கீலையும் தாழையும்தான் அதிகம் நம்பியிருக்கிறது.

தடத்தில் வண்டி கவிழ்வது பெரும்பாலும் மெதுவாகத்தான் நடக்கும். நடை வேகத்தில், பக்கச் சரிவில், மேல்பக்கச் சக்கரம் ஒரு வேரில் ஏற, கீழ்ப்பக்கச் சக்கரம் சேற்றில் இறங்க, வண்டி அப்படியே பக்கவாட்டில் படுத்துவிடும். வேகம் இல்லையே என்று அலட்சியப்படுத்த முடியாது. உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் மட்டும் தடையில்லாமல் விழுந்தாலே மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அந்த ஒரு வினாடியில் கை தானாக வெளியே நீளும், தரையில் ஊன்றி வண்டியை நிறுத்திவிடலாம் என்பதுபோல. ஜீப் ராங்லர் மாதிரி வண்டியின் எடை 1,900 கிலோவை ஒட்டி இருக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை நசுங்குவது இப்படித்தான்.

பக்கத்துக்குப் பக்கம் இருக்கை வைத்த யூடிவி எனும் சிறிய ஆஃப்-ரோடு வண்டிகளுக்கு அமெரிக்காவில் ஆன்சி/ரோவா 1 என்ற தரநிலை இருக்கிறது. பயணியை உள்ளே வைத்திருப்பதை அது நான்கு மண்டலமாகப் பிரிக்கிறது: கால்-பாதம், தோள்-இடுப்பு, கை-உள்ளங்கை, தலை-கழுத்து. டியூப் கதவை எடைபோட இந்தப் பிரிவு மிகவும் உதவும். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான டியூப் கதவுகளில் மேல் குழாய் முழங்கை உயரத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே இடுப்புக்கு நல்ல தடுப்பு கிடைக்கிறது. காலுக்குத் தடுப்பு குழாய்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கைக்குப் பாதிதான். தோளின் மேல்பகுதிக்கும் தலைக்கும் ஒன்றுமே இல்லை. சில வடிவங்களில் மேல் குழாய் விலா எலும்பு உயரத்தில் வருகிறது. சாயும் உடல் அதில் மடங்கித் தலை இன்னும் வெளியே போகும்.

தலைக்கு வேண்டியது வலை. பந்தய வண்டிகளில் ஜன்னலுக்குப் பட்டை வலை கட்டுவது அதற்காகத்தான். மேல் விளிம்பை ரோல் கேஜில் (கவிழும்போது உள்ளிருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு), கீழ் விளிம்பை டியூப் கதவுக்குப் பதிலாக வண்டியின் உடலிலேயே கட்ட வேண்டும். கதவில் கட்டினால் கதவு பிடுங்கிக்கொண்டு போகும்போது வலையும் கூடவே போய்விடும். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே கையால் அவிழ்க்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது குழாயின் வலு. ஒன்றரை அங்குல விட்டம், அதாவது 38 மி.மீ., சுவர் 3 மி.மீ. கொண்ட எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும் தாங்கி, 90 செ.மீ. இடைவெளியில் நடுவில் அழுத்தினால், 350 மெகாபாஸ்கல் நெகிழ்வு வலு (நிரந்தரமாக வளையாமல் தாங்கும் எல்லை) உள்ள எஃகில் அது ஏறத்தாழ 430 கிலோ சுமையில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். 600 கிலோவை நெருங்கும்போது நடுவில் மடிந்துவிடும். சுவர் 2 மி.மீ. ஆனால் தொடக்கம் 310 கிலோவாக இறங்கும். எதிரே தொழிற்சாலைக் கதவு: பக்க மோதலுக்கான அமெரிக்க விதி எஃப்எம்விஎஸ்எஸ் 214-இன் அழுத்தச் சோதனையில் கதவு முதல் 6 அங்குலம் உள்வாங்குவதற்குள் சராசரியாக 2,250 பவுண்டு, அதாவது 1,020 கிலோ எதிர்ப்புக் காட்ட வேண்டும். அதற்குமேல் உள்ளே போகப் போக இன்னும் கூடுதலான எதிர்ப்பைக் கேட்கிறது விதி. 1,400 கிலோ கார் ஒன்று 50 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் மோதினால் வரும் ஆற்றல் 135 கிலோஜூல். டியூப் கதவை வைத்து அந்தக் கணக்கைப் போடவே வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கழற்றுவதற்கென்றே வடிவமைத்த, கதவில்லாமலும் ஓட்டுவதற்கான வண்டிகளின் கதவுகளுக்கு அமெரிக்காவின் 206 (கதவின் தாழ், கீல் பற்றியது), 214 ஆகிய இரண்டு விதிகளிலும் விலக்கு இருக்கிறது. கதவு கழன்று வருகிறது என்பதாலேயே கழற்றி ஓட்டுவது பத்திரம் என்று யாரும் சான்று தரவில்லை. ராங்லரின் கையேடே, கதவைக் கழற்றுவது ஆஃப்-ரோடுக்கு மட்டும், பொதுச் சாலையில் வேண்டாம் என்கிறது.

குழாய் வாங்கும்போது சுவரைத் தடிப்பாக்குவதைவிட விட்டத்தைக் கூட்டுவது லாபம். அதே 3 மி.மீ. சுவரில் 38 மி.மீ. குழாயை 51 மி.மீ. ஆக்கினால் எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடும். வளைவு எதிர்ப்போ ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால் 51 மி.மீ. குழாய் கால் வைக்கும் இடத்தைத் தின்னும். 38 மி.மீ. குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ. ஒரு கதவுக்கு நான்கு மீட்டர் பிடித்தால் பத்தரை கிலோ.

சரி, கீலுக்கு வருவோம். ரோல் கேஜில் பற்றவைத்த கதவுக் குறுக்குக் குழாய் வேறு, டியூப் கதவு வேறு. உலகக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியில் கேஜின் முதன்மை வளைவுக்கு 45 × 2.5 அல்லது 50 × 2.0 மி.மீ., பிற உறுப்புகளுக்கு 38 × 2.5 அல்லது 40 × 2.0 மி.மீ. குளிர்முறையில் இழுத்த தையலில்லாக் குழாய் என்று அளவு சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குழாயின் முனைகள் கேஜோடு ஒன்றாகிவிடுகின்றன. டியூப் கதவின் முனைகள் ஒருபக்கம் ஆணியிலும் மறுபக்கம் தாழிலும் தொங்குகின்றன. வீவக அடுக்குமாடி வீட்டு இரும்புக் கேட் மாதிரிதான்: கம்பி எவ்வளவு கனமாக இருந்தாலும் கொண்டி விட்டால் கேட் திறந்துவிடும்.

ராங்லர் வகைக் கதவு மேலே தூக்கினால் வந்துவிடும் கீலில் நிற்கிறது. கதவிலிருக்கும் ஆணி உடலிலிருக்கும் துளையில் இறங்கி உட்காரும். நிமிர்ந்து நிற்கும் வண்டியில் புவியீர்ப்பு அதை அழுத்திப் பிடிக்கிறது. வண்டி தலைகீழானால் அதே புவியீர்ப்பு கதவைத் துளையிலிருந்து உருவுகிறது. தொழிற்சாலைக் கதவில் இதைத் தடுக்க ஒரு நட்டோ போல்ட்டோ இருக்கும். டியூப் கதவை மாட்டுகிறவர்கள் பலர் அதைப் போடுவதில்லை. சீக்கிரம் கழற்றலாம் என்பது காரணம். போடாவிட்டால், கதவு மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் அதைத் தாங்குவது தாழ் மட்டுமே.

அந்தத் தாழ் என்ன வகை? மலிவான கதவுகளில் நேராக ஓடும் கொண்டி இருக்கும், 12 மி.மீ. அளவு துளைக்குள் போய் நிற்கும். கதவின் நடுவில் அடி விழுந்து குழாய் 80 மி.மீ. உள்ளே மடிந்தால், 90 செ.மீ. நீளம் முனைக்கு முனை 14 மி.மீ. குறைந்துவிடும். கொண்டி உடையத் தேவையில்லை, தானாக வெளியே நழுவிவிடும். அதே இடத்தில் நகம் போலச் சுழன்று, வண்டியின் உடலில் நிற்கும் ஸ்ட்ரைக்கர் கம்பியைக் கவ்வும் தாழ் இருந்தால், குழாய் மடிந்த பிறகும் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்து நிற்கும். கட்டாயம் அந்த வகை வாங்குங்கள். அதிலும் அரைப் பூட்டு, முழுப் பூட்டு என இரண்டு நிலைப் பூட்டு இருக்க வேண்டும். ஐ.நா. விதி 11, சாதாரணக் காரின் தாழ் முழுப் பூட்டில் நீளவாக்கில் 11,000 நியூட்டனும் குறுக்குவாக்கில் 9,000 நியூட்டனும் தாங்க வேண்டும் என்கிறது. அரைப் பூட்டில் 4,500. வாங்கப்போகும் தாழுக்கு எந்த எண்ணையும் சொல்ல முடியாத கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முகமே பதில் சொல்லும். உள்பக்கக் கைப்பிடி எங்கே துருத்திக்கொண்டிருக்கிறது என்பதும் முக்கியம். முட்டி பட்டால் திறந்துகொள்கிறதா என்று இருக்கையில் உட்கார்ந்து, காலை வெளிப்பக்கமாக அழுத்திப் பாருங்கள்.

காக்கி புக்கிட்டிலோ ஜோகூர் பாருவிலோ பட்டறையில் செய்யச் சொல்கிறவர்கள் சில விஷயங்களைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். வளைவின் உள்பக்கம் சுருங்கி நெளிந்திருந்தால் குழாயைச் சரியான அச்சில்லாமல் வளைத்திருக்கிறார்கள். அந்த இடம் முதலில் மடியும். இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒன்றை மற்றதன் உருண்டைக்கேற்ப மீன்வாய் போல வெட்டியிருக்க வேண்டும். நேராக வெட்டி இடைவெளியைப் பற்றவைப்புக் கம்பியால் நிரப்பியிருந்தால் வேண்டாம். தண்ணீருக்குப் போடும் ஜிஐ குழாயும் வேண்டாம். துத்தநாகப் பூச்சு எரிந்து பற்றவைப்பில் துளை விழும், அந்தப் புகையும் கேடு. அலுமினியக் கதவு இலகு, துருப்பிடிக்காது. ஆனால் 6061-டி6 அலுமினியம் பற்றவைத்த இடத்தை ஒட்டித் தன் வலுவில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது. கீலுக்குப் பக்கத்திலேயே பற்றவைப்பு இருந்தால் அதுதான் பலவீனமான இடம். நம் ஈரக் காற்றில் எஃகுக் கதவுக்கு எதிரி உள்துரு. குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் துளை வேண்டும், ஆனால் அதை வளைவில் போடக்கூடாது. பவுடர் பூச்சு அழகுதான். விரிசலை மறைப்பதும் அதுதான். கீல் பக்கப் பற்றவைப்பில் மயிரிழைபோல் துருக்கோடு தெரிந்தால் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள்.

குழாய்களுக்கிடையே உள்ள துளைதான் பலரும் யோசிக்காத ஆபத்து. காட்டுத் தடத்தில் பிரம்பு முள்ளும் ஒடிந்த கிளையும் உள்ளே குத்தி வரும். வண்டி சாயும்போது அதே துளை வழியாகப் பாதமோ முழங்கையோ வெளியே போய், சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், கதவே இல்லாததைவிட நிலைமை மோசம். உட்பக்கமாக ஒன்றரை மி.மீ. அலுமினியத் தகடோ, இறுக்கிக் கட்டிய நைலான் வலையோ போட்டால் இந்த இரண்டும் பெருமளவு தீரும். உடல் படக்கூடிய குழாய்க்கு அடர்த்தியான ரோல் கேஜ் திண்டு சுற்றுங்கள். ஏர்கான் குழாய்க்குச் சுற்றும் மென் நுரை விரலால் அழுத்தினாலே தட்டையாகிவிடும், அது உதவாது.

மாற்றும் வேலை ஒரு பக்கத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம். 2018-க்குப் பிந்தைய ராங்லரில் கண்ணாடியை முழுக்க இறக்கி, எஞ்சினை அணைத்து, டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள மின் இணைப்பைக் கழற்றி, கதவு நிறுத்தும் பட்டையை விடுவித்து, கீல் போல்ட்டுகளை டி50 டோர்க்ஸ் (நட்சத்திர வடிவ) முனையால் கழற்றினால் கதவை இரண்டு பேர் நேராக மேலே தூக்கலாம். சாய்த்துத் தூக்கினால் துளையின் பெயின்ட் போய், அங்கிருந்து துரு தொடங்கும். டியூப் கதவை இறக்கி மாட்டிய பிறகு நிறுத்தும் பட்டையை மாட்டாமல் விடாதீர்கள். கதவு முன்பக்கம் முழுக்க விரிந்து மட்கார்டில் இடிக்கும். பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி ராங்லரில் கதவோடு போய்விடும், தனிக் கண்ணாடி பொருத்த வேண்டும். 2021 ஃபோர்டு பிராங்கோவில் அது உடலிலேயே நிற்கும். சிங்கப்பூரில் அதிகம் காணும் சுசுகி ஜிம்னியின் கதவு கழற்றி மாட்டுவதற்கென வடிவமைத்ததல்ல. கீல், வயர், ரப்பர் எல்லாம் நிலையாக இருக்கும்படி செய்தவை. கதவுக்குள் பக்க மோதல் உணரி வைத்த வண்டிகளும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் கதவு போனால் ஏர்பேக் விளக்கு எரியும், அந்தப் பக்க ஏர்பேக் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

பெல்ட்டின் சுருளுக்குச் சாய்வை உணரும் பூட்டும் இருக்கிறது. ஐ.நா. விதி 16-இன்படி 12 பாகை வரை பூட்டக்கூடாது, 27 பாகையைத் தாண்டினால் பூட்டியாக வேண்டும். பக்கச் சரிவில் இறங்கும் முன்பே, சமதரையில், இடுப்புப் பட்டையை நன்றாகக் கீழே இறக்கி இறுக்கிக்கொள்ளுங்கள். எட்டிப் பார்த்த நிலையில் பூட்டிக்கொண்டால் அந்தத் தளர்வோடுதான் கவிழ வேண்டியிருக்கும். சரிவில் எட்டிப் பார்ப்பதைவிட, வெளியே ஒருவரை நிறுத்தி வழிகாட்டச் சொல்வது மேல்.

சாலை விஷயம் சுருக்கமாக. வண்டியின் உடலமைப்பை மாற்றுவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்குள் வருகிறது. அனுமதி இல்லாமல் டியூப் கதவோடு சாலையில் ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இழப்பீடு கேட்கும்போது சிக்கலாகும். தொழிற்சாலைக் கதவோடு தடம் தொடங்கும் இடம் வரை போய், அங்கே மாற்றி, திரும்பும்முன் மீண்டும் மாட்டுவதே வழி. கழற்றிய கதவுகளை நிற்கவைத்துத் துணிப்பையில் போட்டு, நம்பிக்கையான தோட்டக் கொட்டகையில் வைக்க முன்கூட்டியே பேசிவையுங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நோக்கித் திரும்பும்முன் மின் இணைப்பு, ஏர்பேக் விளக்கு, கீல் போல்ட், தாழின் இரண்டாவது ‘க்ளிக்’ ஆகிய நான்கையும் நான்கு கதவிலும் பார்த்துவிடுங்கள்.