மலையேறும் வேனுக்கு எந்தப் பசை?

போன டிசம்பரில் கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு வேன் வந்து நின்றது. கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் பழைய வேனில் படுக்கையும் அடுப்பும் வைத்துச் சுற்றுலா வீடாக மாற்றியிருந்தார். மேலே வந்த முதல் ராத்திரியே மழை. கூரையில் பொருத்திய காற்று ஜன்னலின் ஓரமாகச் சொட்டி மெத்தை நனைந்துவிட்டது.

"நல்லா கல்லு மாதிரி இறுகுற எபாக்சியா பாத்துத்தானுங்ணா போட்டேன்" என்றார்.

ஏறிப் பார்த்தேன். எபாக்சிப் பசை உடையவே இல்லை, அவர் சொன்ன மாதிரி கல்லாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கும் நடுவே முடி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. தண்ணீருக்கு அது போதும்.

கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். சமவெளி வெயிலில் நிற்கும் வேனின் கூரை 55 டிகிரிக்குச் சுலபமாகப் போகும். மார்கழி ராத்திரியில் இங்கே 10 டிகிரி. வித்தியாசம் 45 டிகிரி. 40 செ.மீ. நீளமுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் சட்டம் இந்தக் குளிரில் சுமார் 1.4 மி.மீ. சுருங்கும். அதன் அடியில் உள்ள இரும்புத் தகடு 0.2 மி.மீ.தான் சுருங்கும். ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று 1 மி.மீ.க்கு மேல் இழுக்கின்றன. எபாக்சியின் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இறுகியவை, அவற்றால் நீண்டு கொடுக்க முடியாது. அதனால் பிடிப்பு பலவீனமாக இருக்கும் பக்கம் விட்டுவிடுகிறது. போதாததற்குக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் உடம்பே முறுக்கிக்கொள்ளும்.

ஆகவே பசை எவ்வளவு பலமானது என்று கேட்பதற்கு முன்னால், அந்த இணைப்பு எவ்வளவு அசையும் என்று பார்க்க வேண்டும். உடைந்த கைப்பிடி, விரிசல் விட்ட ஃபைபர் மூலை மாதிரி அசையாத இடங்களுக்கு எபாக்சியை மிஞ்ச ஆளில்லை. கூரைக்கு ரப்பர் போல நீளும் பசைதான் வேண்டும். கார்களின் முன்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பது பாலியூரிதேன் என்ற அப்படிப்பட்ட பசை. அறுந்துபோவதற்கு முன் அது தன் நீளத்தைப் போலப் பல மடங்கு நீளும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் நாளடைவில் மேற்பரப்பு வெடித்துப்போகும். வெயில் நேராகப் படும் விளிம்புக்கு நான் எம்எஸ் பாலிமர் என்ற வகையைத்தான் சொல்வேன். ஜப்பானில் உருவான பசை அது. வெயிலையும் தாங்கும், மேலே பெயின்டும் அடிக்கலாம்.

எந்தப் பசையானாலும் சரி, தடிமன் முக்கியம். 3 மி.மீ. தடிமனுள்ள படலம் 1 மி.மீ. அசைவைச் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதே பசையை அழுத்திப் பிதுக்கி அரை மி.மீ. ஆக்கிவிட்டால் அது தன் தடிமனைப் போல இரண்டு மடங்கு இழுபட வேண்டிவரும். இறுக்கி அமுக்கினால்தான் பிடிக்கும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் கெடுதல்தான் செய்யும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோன் பசையைக் கூரையில் வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வினிகர் வாடை அடிக்கும் வகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். வெறும் இரும்பு அதில் துருப்பிடிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் தங்கும் எண்ணெய்ப் படலம். அப்புறம் அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது.

ஒட்டுவதன் அடிப்படையே நனைவதுதான். பசை பரப்பின் மேல் படர்ந்து, நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கி, மூலக்கூறோடு மூலக்கூறு நெருங்க வேண்டும். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் முத்தாக உருள்கிறதே, அதுபோலப் பசையும் உருண்டு நின்றால் பிடிப்பு வராது. வேனுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் எந்தச் சாதாரணப் பசையும் நிற்காததற்கு இதுதான் காரணம். அதைச் சூடுகாட்டி உருக்கித்தான் ஒட்ட வேண்டும். தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்தபின் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளித்துளியாகப் பிரியாமல் விரிப்பாகப் பரவினால் சுத்தம். பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.

மலையில் இந்தக் காயவைப்பதுதான் பெரிய பாடு. காலையில் குளிர்ந்த தகட்டில் பனி ஈரம் படர்ந்திருக்கும். அதன் மேல் வைத்த பசை தகட்டைத் தொடுவதில்லை, தண்ணீரைத்தான் தொடுகிறது. ஸ்பிரிட்டால் துடைத்தால் அதுவும் முழுதாக ஆவியாக வேண்டும். மிச்சமிருந்தால் பாலியூரிதேனோடு வினைபுரிந்து அதை இறுகவிடாது. குளிர் இன்னொரு பக்கம் வேலை காட்டும். இங்கே இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்காது என்பது ஊரறிந்தது. அங்கே நுண்ணுயிர், இங்கே வெறும் வேதிவினை என்றாலும் குளிரில் இரண்டும் சோம்பிப்போகும். பத்து டிகிரி குறைந்தால் எபாக்சி இறுகும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பாலியூரிதேனும் எம்எஸ் பாலிமரும் காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்ளே இறுகுபவை, மிதமான வெப்பத்திலேயே ஒரு நாளைக்குச் சுமார் 3 மி.மீ.தான்.

நாங்கள் வெயில் வந்த ஒரு நாள் பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். பசைக் குழாயை அதுவரை சமையலறையில் வைத்திருந்தோம். பழைய எபாக்சிக்குச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டியதும் இளகி வந்தது. சட்டத்தைக் கழற்றி, அடியில் பியூட்டைல் டேப் வைத்துத் திருகினோம். அது எப்போதும் இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும், அசைவோடு அசையும். வெளிவிளிம்பில் எம்எஸ் பாலிமர். மூன்று நாள் வேனை நகர்த்தவில்லை. நான்காம் நாள் கூரையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, உள்ளே செய்தித்தாளை விரித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தாள் காய்ந்தபடியே இருந்தது.