பெரிய எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான்கு டெராபைட் எஸ்எஸ்டி விலைக்கு அதே கொள்ளளவு ஹார்டு டிஸ்க் ஒன்றுக்கு மேல் வாங்கிவிடலாம் போலிருக்கிறதே. இவ்வளவு கொட்டிக் கொடுப்பது தகுமா?"

ஹார்டு டிஸ்க்கின் கதை தெரிந்ததுதான். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டில், வேண்டிய இடம் தரவைப் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக 4 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் தனி. சில்லுகளிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை; 0.1 மில்லி நொடி அளவில் தரவு வந்துவிடுகிறது. இந்த லாபம் 500 ஜிபியிலும் உண்டு, 8 டெராபைட்டிலும் உண்டு. பெரியதை வாங்கினால் கணினி இன்னும் சுருக்காக விழித்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம்.

பிறகு விலை வித்தியாசம் எதற்கு? அதற்குச் சில்லுக்குள் இறங்க வேண்டும். அங்கே கோடிக்கணக்கான அறைகள். ஒவ்வொன்றும் ஒரு டிரான்சிஸ்டர். அதன் நடுவே, நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் அடைக்கப்பட்ட மெல்லிய படலம் ஒன்று. அதில் எலக்ட்ரான்களைச் சிறைவைப்பதுதான் 'எழுதுவது'. மின்சாரம் போனாலும் அவை அங்கேயே இருக்கும். வழியே இல்லாத அறைக்குள் எலக்ட்ரான் எப்படிப் போகிறது? சில நானோமீட்டரே தடிமனுள்ள அந்தத் தடையின் மீது 20 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், தடையைத் தாண்டும் ஆற்றல் இல்லாமலேயே எலக்ட்ரான் மறுபக்கம் போய் நிற்கிறது. நம் அன்றாட அறிவு ஒப்பாத இந்தக் குவாண்டம் ஊடுருவலுக்கு, வலுவான மின்புலத்தில் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவதை வைத்து, ஃபௌலர், நார்ட்ஹைம் என்ற இயற்பியலாளர்கள் 1928-இல் கணக்கு எழுதினார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர் 1930-இல் கேம்பிரிட்ஜில் போய்ச் சேர்ந்தது இதே ஃபௌலரிடம்தான். 1967-இல் பெல் ஆய்வகத்தின் காங், சீ இருவரும் இப்படி அடைபட்ட படலம் (floating gate) கொண்ட நினைவகத்தை முன்வைத்தார்கள். 1980-களில் டோஷிபாவின் மசுவோகா அதை, இன்று எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் ஆக்கினார். 'இரண்டு ஆண்டுகளில் என்ன பயன்?' என்று விண்ணப்பத்தில் கட்டம் போட்டுக் கேட்கும் ஆராய்ச்சி நிதிக் குழுக்கள் 1928-இல் அந்தக் கட்டுரையை என்ன செய்திருக்கும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அறையில் எலக்ட்ரான் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஓர் அறைக்கு ஒரு பிட். எவ்வளவு இருக்கிறது என்றும் அளந்தால்? எட்டு மட்டங்களைப் பிரித்தறிந்தால் மூன்று பிட், பதினாறு என்றால் நான்கு பிட். முதலாவது டிஎல்சி, இரண்டாவது கியூஎல்சி. அதே சில்லில் கூடுதல் தரவு, எனவே மலிவு. ஆனால் ஒரே டம்ளரில் எட்டுக் கோடுகளுக்குப் பதில் பதினாறு கோடுகள் கிழித்தது போல, கோட்டுக்குக் கோடு இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஒரேயடியாக நிரப்ப முடியாது. கொஞ்சம் மின்னூட்டம் ஏற்றி, அளந்து, இன்னும் கொஞ்சம் ஏற்றி, மறுபடி அளந்து என்று படிப்படியாகத்தான் எழுத வேண்டும். அதனால் எழுத்து மந்தம். தயாரிப்பாளர்கள் இதை மறைக்க அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள்: வரும் தரவை முதலில் சில அறைகளில் ஒற்றைப் பிட்டாக அவசரமாகப் போட்டுவைத்து, ஓய்வு கிடைத்ததும் நான்கு பிட்டாக அடுக்கிக்கொள்வது. அந்த இடம் நிரம்பும்வரை நமக்குத் தெரியவே தெரியாது.

நிரம்பினால் என்ன ஆகும்? சாம்சங் 870 கியூவிஓ என்ற கியூஎல்சி வகையை எடுத்துக்கொள்வோம். 1 டெராபைட் வட்டில் அந்த அவசர இடம் 42 ஜிபி. அதுவரை நொடிக்கு 530 எம்பி, பிறகு 80 எம்பி என்று நிறுவனத்தின் விவரத்தாளே சொல்கிறது. 200 ஜிபி கல்யாணத்தை அதில் ஏற்றினால், முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்துக்குள் போய்விடும். மீதி அரை மணிக்கு மேல் இழுக்கும். ஹார்டு டிஸ்க்கே தேவலை! 2 டெராபைட்டும் அதற்கு மேலும் என்றால் 78 ஜிபி, பிறகு 160 எம்பி. சில்லுகள் அதிகமானால் ஒரே நேரத்தில் பலவற்றில் எழுதலாம் என்பதுதான் காரணம்.

தேய்மானம் பற்றிய பயம் இவருக்கு வேண்டாம். டிஎல்சி வகையான 870 ஈவிஓவின் 1 டெராபைட்டுக்கு 600 டெராபைட் எழுத்து அல்லது ஐந்து ஆண்டு, எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். வாரம் 400 ஜிபி எழுதினாலும் அந்த 600 டெராபைட்டைத் தொட 28 ஆண்டுகளாகும்.

பயப்பட வேண்டியது பீரோவில் வைப்பதைப் பற்றி. சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும்; சூட்டில் வேகமாகக் கசியும். குறிப்பிட்ட எழுத்தளவு முழுவதும் தீர்ந்த எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே வீட்டுக் கணினிக்கான தொழில்துறைத் தரம். புதியது இன்னும் நெடுங்காலம் தாங்கும் என்றாலும், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு இரண்டாம் பிரதி எடுக்காமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆக, தொகுக்கும் வேலைக்கு 1 அல்லது 2 டெராபைட் டிஎல்சி எஸ்எஸ்டி. முடிந்த கல்யாணங்களுக்கு ஹார்டு டிஸ்க் இரண்டு, வேறு வேறு இடத்தில். ஒரே சமயத்தில் ஏழெட்டுத் திருமணங்களின் மூலப்படங்களைத் திறந்துவைத்துத் தொகுப்பவருக்கு மட்டும் நான்கு டெராபைட் தகும். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் '16 டெராபைட்' பக்கம் போகவே வேண்டாம். பெரும்பாலும் உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டும், கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லப் பழக்கப்பட்ட ஒரு சில்லும்தான் இருக்கும். நிரம்பியதும் பழைய கல்யாணத்தின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும்.