பெரிய லென்ஸ் ஒன்றுக்குப் பதில் பொடி லென்ஸ் பத்தாயிரம்

நல்ல மைக்ராஸ்கோப்பில் பொருளுக்கு அருகே இருக்கும் லென்ஸ் குழாயான ஆப்ஜெக்டிவ் விலை கூடியது. அந்தச் சின்னக் குழாய்க்குள் பல கண்ணாடி லென்ஸ்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று செய்யும் பிழையை இன்னொன்று திருத்தும். இவ்வளவு பாடுபட்டும், 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் ஒரே பார்வையில் காட்டுவது சுமார் அரை மில்லிமீட்டர் வட்டத்தைத்தான்.

லென்ஸைப் பொடியாக்கினால் என்ன? எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம் என்பது லென்ஸின் அளவைப் பொறுத்ததல்ல. ஒளியை எவ்வளவு அகன்ற கோணத்தில் அள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. 0.1 மி.மீ. லென்ஸும் பொருளுக்கு மிக அருகே இருந்தால் அதே கோணத்தை அள்ளிவிடும். பிழைகளோ அளவோடு சேர்ந்து சுருங்கும். லென்ஸை நூறில் ஒரு பங்காக்கினால், ஒளியலையில் அது உண்டாக்கும் கோணலும் நூறில் ஒரு பங்காகும். பச்சை ஒளியின் அலைநீளம் மட்டும் அப்படியே அரை மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கோணல் அதைவிட நன்றாகக் குறைந்துவிட்டால் திருத்தவே வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் லீவன்ஹூக் ஒற்றை லென்ஸை வைத்தே பாக்டீரியாவைப் பார்த்த சூட்சுமத்தில் பாதி இதுதான்.

செய்வதும் எளிது. ஒளியுணர் பிசினைக் குட்டி உருளைகளாக்கிச் சூடேற்றினால், உருகி, பரப்பு இழுவிசையால் தானே குவிந்துகொள்ளும். அதிலிருந்து சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்துவிட்டால், அப்புறம் பிளாஸ்டிக்கில் வார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சரி, 10 மி.மீ. சதுரத்தில் 0.1 மி.மீ.க்கு ஒன்றாக 10,000 லென்ஸ் வைத்தாயிற்று. இங்கேதான் சிக்கல். 10 மடங்கு பெரிதாக்கினால், 100 மைக்ரான் பரப்பின் பிம்பம் 1,000 மைக்ரானுக்கு விரிந்து பக்கத்துப் பிம்பங்கள் மேல் ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு லென்ஸையும் 10 மைக்ரான் சதுரத்தை மட்டும் பார்க்கவிட்டு, ஸ்லைடைப் பத்துக்குப் பத்தாக நகர்த்தி 100 படம் எடுக்க வேண்டும். வயலில் ஆளுக்கொரு பாத்தி பிரித்துக்கொண்டு களையெடுப்பது மாதிரி, எல்லா லென்ஸும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால், ஸ்லைடு 0.1 மி.மீ. நகர்வதற்குள் முழுப் பரப்பும் முடிந்துவிடும்.

அதைவிடப் பெரிய தலைவலி மட்டம். அரை மைக்ரான் நுணுக்கத்தில் பார்க்கும் லென்ஸுக்குக் குவியத்தின் ஆழம், அதாவது மேலும் கீழும் தெளிவாகத் தெரியும் தூரம், 2 மைக்ரான் அளவே. ஸ்லைடின் ஒரு ஓரம் 5 மைக்ரான் தூக்கினாலே அந்தப் பக்கம் மங்கிவிடும். ஒரு சிவப்பணுவின் அகலம்கூட இல்லை அது. லென்ஸில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கு, துல்லியமாக மட்டம் பார்க்கும் திருகுகளுக்குப் போய்விடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. திருகு வேண்டாம் என்றால், பல உயரங்களில் படமெடுத்து, ஒவ்வொரு லென்ஸுக்கும் தெளிவானதைக் கணினியைப் பொறுக்கச் சொல்லலாம். 100 படம் அப்போது பல நூறாகிவிடும்.