ஊகிக்கிற பிள்ளை வாசிக்கிற பிள்ளை இல்லை

வாசிக்கத் தெரியும் என்று சொல்லி, உண்மையில் ஊகிக்க மட்டும் பழகி என்னிடம் வருகிற பிள்ளைகளில் இந்தத் தவணையில் இது ஐந்தாவது. அதனால்தான் கொஞ்சம் எரிச்சலோடு எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தாய் தரம் 5 படிக்கிற மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை நிறையப் புலமைப்பரிசில் வினாத்தாள்கள். "ரீச்சர், இவன் நல்லா வாசிப்பான், மார்க்ஸ்தான் வருகுதில்ல."

சரி என்று ஒரு பந்தியைக் கொடுத்தேன். மேலே வாவியும் தோணியும் ஒரு ஆளுமாகப் படம். அச்சில் இருந்தது, "மீனவர் வலையைக் கரையில் உலர்த்தினார்." மகன் ஒரு தடக்கமும் இல்லாமல் "மீனவர் வலையைத் தண்ணியில் வீசினார்" என்று வாசித்தான். தாய் தலையாட்டிக்கொண்டிருந்தார். பொருத்தமான பிழை என்றபடியால் அது அவருக்குக் கேட்கவே இல்லை. இத்தனை வருடமாக வேறு யாருக்கும் கேட்கவில்லை.

படத்தைக் கையால் மூடிவிட்டு "மேதுகி", "கொழாப்பு", "நெடுமிசு" என்று அர்த்தமே இல்லாத சில சொற்களை எழுதிக் காட்டினேன். பையன் முதலில் கடுதாசியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். வாசிக்கத் தெரிந்த பிள்ளை இதை வாசித்து முடித்துவிட்டு "இது என்ன ரீச்சர்?" என்று சிரிக்கும்.

இவனுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்தது இதுதான்: "தெரியாட்டி படத்தைப் பார், அங்க என்ன வரும் எண்டு யோசிச்சுச் சொல்லு." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, இடம் பார்த்து ஊகித்துக்கொண்டு ஓடுகிறது என்று மனமார நம்புகிறார்கள். 1967 இல் கென்னத் குட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வாசிப்பையே ஒரு ஊக விளையாட்டு என்று எழுதினார், அது உலகம் முழுக்கப் பரவியது. பிறகு ஆட்களை இருத்திச் சோதித்துப் பார்த்தபோது கதை தலைகீழாக இருந்தது. ஒரு சொல்லை அடையாளம் காண முன்பின் வசனத்தில் கூடுதலாகத் தொங்குகிறவர்கள் வாசிக்கத் திணறுகிறவர்கள்தான். சொல்லே முகத்தில் அறைந்தமாதிரித் தெரிகிறபோது நல்ல வாசகனுக்கு ஊகிக்க என்ன தேவை? 1980 இல் கீத் ஸ்டானோவிச் என்ற வாசிப்பு ஆய்வாளர் இதைத்தான் விளக்கினார்: எழுத்தில் பலமில்லாதவன் அந்தக் குறையை ஊகத்தால் ஈடுகட்டுகிறான். நொண்டுகிறவனின் கைத்தடி அது. அதை நன்றாக ஓடுகிற பிள்ளையின் கையில் கொடுத்துப் பழக்குவது எந்த ஊர் நியாயம்?

இதைச் சொன்னதும் ஒரு தகப்பன் போனை நீட்டினார். சொல்லின் நடு எழுத்துகளைக் கலக்கிப் போட்டாலும் மூளை வாசித்துவிடும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெயரில் 2003 இலிருந்து சுற்றுகிற அதே செய்தி! 2006 இல் வாசிக்கும்போது கண் அசைவதை ஆராய்ந்த கீத் ரெய்னர் குழுவினர் அதை ஆங்கிலத்தில் அளந்து பார்த்தார்கள். நடு எழுத்துகள் கலைந்தாலே வேகம் சுமார் 11 வீதம் விழுகிறது, முதலெழுத்துக் கலைந்தால் 36 வீதம். எழுத்தைப் பார்க்காமல் வாசிப்பவர்களுக்கு ஏன் வேகம் விழவேண்டும்? நல்ல வாசகரின் கண்ணும் பொருளுள்ள சொற்களில் பெரும்பாலானவற்றில் கால் செக்கனளவு நின்றுதான் போகிறது. திணறுகிற பிள்ளையின் கண் அதிகம் நிற்கும், அடிக்கடி திரும்பி வரும், ஆனால் அது திணறலின் விளைவு, காரணம் இல்லை. ஆகவே கண் பயிற்சி என்று காசைக் கரைக்காதீர்கள். கண் பார்வையையும் காது கேட்பதையும் ஒருதரம் ஆஸ்பத்திரியில் பரிசோதித்தால் போதும்.

தமிழில் தடக்குகிற இடங்கள் வேறு. "கெ" யில் கொம்பு முன்னுக்கு எழுதப்படுகிறது, சத்தம் பின்னுக்கு வருகிறது. "கொ" வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். இந்தப் பையன் "கொழாப்பு" வை "கெ… ழா…" என்று தொடங்கியபோதே எனக்கு விளங்கிவிட்டது. 247 எழுத்தையும் பாட்டாகப் பாடுவான், தனியாக ஒன்றைக் காட்டினால் நிற்பான். "போயிருக்கவில்லையென்று" மாதிரி ஒரு சொல் வந்தால் முதல் இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கற்பனையில் முடிப்பான்.

அதே பந்தியை நான் வாசித்துக் காட்டினேன். எல்லாக் கேள்விக்கும் சரியான பதில், வலை ஏன் காயவேண்டும் என்ற விளக்கமும் சேர்த்து! கேட்டு விளங்குவதில் குறையே இல்லை. 1986 இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வாசித்து விளங்குவதைப் பெருக்கலாகக் காட்டினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியை விளங்கும் திறன் மறுபக்கம். ஒன்று சைபர் என்றால் விடையும் சைபர். மறுபக்கம் சைபராகி, கடகடவென்று வாசித்துவிட்டு ஒன்றும் விளங்காமல் நிற்கிற பிள்ளைகளும் வருகிறார்கள், அது வேறு கதை.

வீட்டில் படத்தை மூடுங்கள். பிள்ளை முன்னர் பார்க்காத பந்தியாக ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லி, விரலை வைத்து நீங்களும் எழுத்தைப் பாருங்கள். பிழைத்தால் "சரியா யோசி" என்று அதட்டவேண்டாம், "எழுத்தைப் பார் மகன்" என்றால் போதும். நேரம் குறித்து வேகம் பார்க்கவே வேண்டாம். மூன்றாவது ரியூசனுக்கு அனுப்புகிற காசுக்கு இரண்டு கதைப் புத்தகம் வாங்குங்கள். அடிக்காதீர்கள், தயவுசெய்து.

தரம் 1, 2 படிப்பிக்கிற ரீச்சர்மாரே, ஒரு சின்ன வேண்டுகோள். பிள்ளை பாடப் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்புவிக்குதா என்று ஒருதரம் பக்கத்தை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அந்தத் தாய் அடுத்த கிழமை வருகிறார். வினாத்தாள் பையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.